ஸ்பாட்டில் விலை பேசாதவள்

மே 6, செவ்வாய்

இந்த டைரி டயர் கடைக்காரர் கொடுத்தது. வருஷா வருஷம் கொடுப்பார், வருஷா வருஷம் அதன்மேல் குழம்புச் சட்டியை இறக்கி வைப்பேன். இந்த வருஷம் எழுதப் போகிறேன். இந்த நான்குவழிச் சாலையில் முதல் லைசென்ஸ் வாங்கிய ரெக்கவரி வண்டி யாருடையது என்று நாளைக்கு எவனாவது கேட்டால், அஞ்சலாட்சியுடையது என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும் இல்லையா?

காலையில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கூட்டம். ரெக்கவரி வண்டி வைத்திருக்கும் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் மேடம் பேசினார். கதவில் மோட்டார் வாகன ஆய்வாளர் என்று எழுதியிருந்தாலும் எங்களுக்கு பிரேக் இன்ஸ்பெக்டர்தான். பெயர் நிலோஃபர். சின்ன வயசு. குரல் மட்டும் ஏர் ஹாரன்.

இதுவரை கிரேனும் சங்கிலியும் வைத்திருக்கிறவன் எவன் வேண்டுமானாலும் விபத்து நடந்த இடத்துக்கு ஓடலாம், முதலில் கொக்கி மாட்டியவனுக்கு வண்டி. ஜூலையிலிருந்து அது கிடையாதாம். இரண்டு டோல்கேட்டுக்கு நடுவில் இரண்டே வண்டிகளுக்குத்தான் லைசென்ஸ். போன் வந்தால் ஒன்றாம் நம்பரைக் கூப்பிடுவார்கள். அது வேறு வேலையில் இருந்தால்தான் இரண்டாம் நம்பர். மற்றவன் கொக்கி மாட்டினால் வண்டி பறிமுதல். கூட்டத்தில் பாதிப் பேருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இங்கே எங்கள் அங்காளம்மன் ரெக்கவரியை விட்டால் ஒன்றாம் நம்பர் வேறு யார்?

தாளில் எங்கள் வண்டிக்கு "மீட்பூர்தி" என்று பெயர் போட்டிருந்தார்கள். இவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இன்னா அஞ்சல, மீட்பரு ஊர்தியா? நம்மள சர்ச்சுக்கு வண்டி ஓட்டச் சொல்றாங்களா?" என்றார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் கலியபெருமாள். கிரேன் இவர் கையில். மற்றதெல்லாம் என் கையில்.

விதிகளில் ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியின் பக்கவாட்டில் ரேட்டை எழுத வேண்டுமாம். கொக்கி மாட்டுவதற்கு முன்னால் ரேட்டைச் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டுமாம், இது மட்டும் இன்றைக்கே தொடக்கமாம். நாம் என்ன பிரியாணிக் கடையா நடத்துகிறோம்?

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்பாட்டில் விலை பேச மாட்டோம். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு விபத்தில், துணி போர்த்திக் கிடந்த ஆளுக்குப் பக்கத்திலேயே நின்று ஒரு கிரேன்காரன் அந்த ஆளின் தம்பியிடம் பேரம் பேசினான். கண்ணால் பார்த்தேன். த்தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று வந்தது. அன்றைக்கு நான் போட்ட சட்டம் இது. வண்டியைத் தூக்கு, பத்திரமாகக் கொண்டுவந்து விடு, அழுகை ஓயட்டும், பிறகு நியாயமானதை வாங்கு. எங்கள் ரேட்டைக் கேட்டு இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. இதைவிட ஒரு லைசென்ஸ் உண்டா?


மே 9, வெள்ளி

வின்ச்சுக்குப் புது இரும்புக் கயிறு மாற்றினோம். ஹைட்ராலிக் ஆயில் சொட்டிக்கொண்டிருந்த இடத்தை இவர் அடைத்தார். நான் ஷெட்டைக் கழுவினேன். தோசை மாவு புளித்துப் பொங்கி வழிந்துவிட்டது.

பெயின்டர் ஏழுமலையைக் கூப்பிட்டு டிரைவர் பக்கக் கதவில் பெரிதாக "1" என்று எழுதச் சொன்னேன்.

"லிஸ்ட்டு இன்னும் வரலியேக்கா?"

"வரும். நீ எழுது."

இவர் தலையைச் சொறிந்தார். சிவப்பில் மஞ்சள் விளிம்பு கட்டி எழுதியிருக்கிறான் ஏழுமலை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ரேட்டு? இப்போது என்ன அவசரம். லைசென்ஸ் வரட்டும், ஒரு ஓரமாக எழுதிக்கொள்ளலாம்.


மே 14, புதன்

விடியற்காலையில் போன். பாலத்துக்கு முன்னால் ஒரு குட்டியானை தடுப்பில் மோதிக் கவிழ்ந்துவிட்டது. பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போன வண்டி. நாங்கள் போனபோது ரோடு முழுக்கப் பலாப்பழம். ஒரு பழம் உருண்டு போய் எதிர்ப்பக்கம் நின்றிருந்த பஸ்ஸின் சக்கரத்தில் சாய்ந்து கிடந்தது.

ஓட்டி வந்தவர் பெயர் பழமலை, விருத்தாசலம் பக்கம். காலில் நல்ல அடி, நினைவு வந்து வந்து போனது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றினார்கள். கூட வந்திருந்த அவருடைய பெண்சாதி தேன்மொழிக்கு நெற்றியில் மட்டும் சிராய்ப்பு. "ஏறும்மா, கூடப் போ" என்று ஆம்புலன்ஸ்காரர் சொல்கிறார், அந்தப் பெண் ஏற மாட்டேன் என்கிறாள். வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆம்புலன்ஸ் எத்தனை நேரம் நிற்கும்? கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. புருஷனை விட்டுவிட்டு வண்டியோடு நிற்கிற பெண்சாதியை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். என்ன ஜென்மமோ!

ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தபோதே அவள் என்னிடம், "எவ்ளோக்கா ஆவும்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், வுடு" என்றேன்.

திரும்பத் திரும்பக் கேட்டாள். நானும் அதையேதான் சொன்னேன். இந்த நேரத்தில் அவள் மனசுக்கு எதற்கு அந்தப் பாரம்?

இவர் வேலையைப் பார்க்க வேண்டுமே! பெல்ட் போட்டு, கிரேன் பூமை இறக்கி, பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி நிமிர்த்தினார். புதுக் கீறல் ஒன்று விழவில்லை. நான் பலாப்பழத்தை எல்லாம் பொறுக்கி எங்கள் வண்டியில் ஏற்றினேன். புடவையெல்லாம் பிசின்.

தேன்மொழி எங்கள் கேபினில் எனக்கும் இவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் அழுகை. டீ வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் வாங்கினாள். வலது கை மடியில் சும்மாதான் மூடிக் கிடந்தது. பெரியவள் கொடுப்பதை இடது கையால் வாங்குகிறாளே, வளர்த்த லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன். அடிபட்ட வீட்டுப் பெண் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

ஷெட்டுக்கு வந்த பிறகு ரேட்டைச் சொன்னேன். மற்றவர்கள் கேட்பதில் பாதிதான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. "இம்புட்டுதானாக்கா?" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அந்த ஓட்டத்தை முதலிலேயே ஓடியிருக்கலாம்.

ஒரு பழம் பிளந்துவிட்டது. வீணாகப் போகுமே என்று சுளை எடுத்து டீக்கடைக்கும் கொடுத்தேன். தேன் மாதிரி இருந்தது.


மே 17, சனி

தேன்மொழியின் அண்ணன் வந்து குட்டியானையை எடுத்துப் போனார். பலாப்பழத்தைச் சரிபார்த்து ஒப்படைத்தேன். பிளந்ததற்குப் பதிலாக ஒரு பூசணிக்காய் கொடுத்து அனுப்பினேன்.


மே 27, செவ்வாய்

யார் ஒன்று, யார் இரண்டு என்று மார்க் போடுகிற செய்முறைப் பரீட்சை. ஆபீஸ் மைதானத்தில் ஒரு பழைய வேனைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் தூக்கினவர் வேனின் கண்ணாடியை உடைத்தார். அடுத்தவருக்கு பெல்ட் நழுவியது. அப்புறம் எங்களுக்குப் போட்டியாக வண்டி ஓட்டுகிற ஏகாம்பரம். புத்தம்புது வண்டி, பள்ளிக்கூடப் பரிசு மாதிரி மினுமினுப்பு, அதன் பக்கவாட்டில் தலை முதல் வால் வரை ரேட்டு எழுதியிருக்கிறான். அதுவும் எங்கள் ரேட்டைப் போல இரண்டு மடங்கு. வெட்கமே இல்லை! ஆனால் வேனைச் சுமாராகத் தூக்கினான், பொய் சொல்லக் கூடாது.

பிறகு என் வீட்டுக்காரர். எல்லோரும் கிட்டே வந்து நின்றுகொண்டார்கள். வேன் எழுந்து, திரும்பி, நான்கு சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட்டது. மேடம் என்ன செய்தார் தெரியுமா? கைதட்டினார். இத்தனை பேருக்கும் தட்டாத கை. நான் ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவனும் தட்டிக்கொண்டிருந்தான், வேறு வழி?

மேடம் சும்மா ஆள் இல்லை. சுடிதாரோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். கொக்கியின் வாயை மூடுகிற தகட்டில் ஸ்பிரிங் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். இவரே கவனிக்காதது. இன்றைக்கே மாற்றிவிட்டோம்.

போகும்போது கதவில் இருந்த "1"ஐப் பார்த்து, "யாரு எழுதச் சொன்னது?" என்றார்.

"நான்தான் மேடம்."

"ரேட்டு எங்க?"

"வரும் மேடம்."

சிரித்தாரா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. சிரித்தார் என்றே வைத்துக்கொள்கிறேன்.


ஜூன் 5, வியாழன்

புகார். எங்கள் மேல். பழமலை எழுதிக் கொடுத்திருக்கிறார். "விலை தெரிவிக்காமலும் சம்மதம் பெறாமலும் ஊர்தியை எடுத்துச் சென்றனர்." பன்னிரண்டாம் தேதி விசாரணைக்கு வர வேண்டுமாம்.

பத்தொன்பது வருஷத்தில் முதல் புகார். பாதி ரேட்டு வாங்கினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். பலாப்பழம் பொறுக்கினேன். பூசணிக்காய் கொடுத்தேன்!


ஜூன் 6, வெள்ளி

சோறு இறங்கவில்லை. பூசணிக்காயை நினைத்தால் வயிறு எரிகிறது.


ஜூன் 7, சனி

மேடத்துக்கு இவர் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். என்னிடம் சொல்லாமல். பரீட்சையில் எங்களுக்குத்தான் முதல் மார்க்காம். புகார் நிரூபணமானால் மார்க் குறையும், ஒன்றாம் நம்பர் ஏகாம்பரத்துக்குப் போய்விடும். புகார் கொடுத்தவரே வாபஸ் வாங்கினால் ஒன்றும் இல்லை.

நாளைக்கு நேரில் போய் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்கப் போகிறேன். இவர் "வேணாம் அஞ்சல" என்றார். இவர் எதற்குத்தான் வேணும் என்றிருக்கிறார்?


ஜூன் 8, ஞாயிறு

போய் வந்தேன். இரண்டு பஸ் மாறிப் போகிற ஊர். அனல் வெயில். வழியில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கினேன், பாதி கசப்பு.

பழமலை கட்டிலில் படுத்திருந்தார், காலில் மாவுக்கட்டு. நான் வாசலில் நின்றே ஆரம்பித்துவிட்டேன். "ஏய்யா, ஒரு ரூபா அதிகமா வாங்கனனா? வண்டியில ஒரு கீறல் வுழுந்துச்சா? இன்னா கொற வச்சேன், சொல்லு!" என்று கத்தினேன். அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்த்தது.

அவர் சண்டைக்கு வரவில்லை. "உள்ள வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க" என்றார். தேன்மொழி தண்ணீர் கொண்டுவந்தாள். வலது கையால் கொடுத்தாள்.

அவர் சொன்னார்: "ஆஸ்பத்திரில கண்ண தொறந்து பாத்தேன்மா. பக்கத்துல யாருமே இல்ல. ஊசி போட வந்த பொண்ணு, கூட யாரு வந்துருக்காங்கன்னு கேட்டுச்சு. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. வண்டியில என்கூட வந்தவ எங்க? செத்துப் போயிட்டாளான்னு கேட்டேன். அதுக்குத் தெரியல. மத்தியானம் இவ வர்ற வரிக்கும் நான் அப்படியேதான் நெனச்சிகினு கெடந்தேன்."

நான் தேன்மொழியைப் பார்த்து, "நீதானம்மா ஏறல? உன்னை யாரு புடிச்சி வச்சா?" என்றேன்.

"எவ்ளோ ஆவும்னு கேட்டேன், நீங்க சொல்லலக்கா. அப்புறம் பாத்துக்கலாம்னீங்க. வண்டி இன்னும் டியூ கட்டி முடியல. நீங்க எவ்ளோ கேப்பீங்களோ, குடுக்காட்டி வண்டியைக் குடுப்பீங்களோ மாட்டீங்களோ, எங்க கொண்டுபோய் வுடுவீங்களோ, எனக்கு இன்னா தெரியும்? கண்ண எடுக்காம வண்டியோடவே போயிடலாம்னு ஏறிட்டேன். தாலியில கெடந்த குண்டு ரெண்டையும் கழட்டிக் கைல புடிச்சிகினே வந்தேன். கேட்டா குடுத்துடலாம்னு."

எந்தக் கையில் என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். "அந்த ஏகாம்பரம் வந்திருந்தாக்கூடப் பரவால்லக்கா. அவரு அதிகமாத்தான் கேப்பாராம். ஆனா மொதல்லயே சொல்லிடுவாராம். தெரிஞ்சிருந்தா நான் இவருகூட போயிருப்பேன்."

பழமலை, "எங்க வண்டியைத் தங்கமாத் தூக்கிக் குடுத்தீங்கன்னு இவ சொன்னா. ஏதோ ஆத்திரத்துல எழுதிட்டேன். உங்க தொழிலுக்கு எடைஞ்சல்னா வாபஸ் வாங்கிடறம்மா" என்றார்.

"வேணாம்" என்றேன்.

"இல்லம்மா, நாளைக்கே போயி..."

"வேணாம்னா வேணாம். எழுதனது எழுதனதா இருக்கட்டும்."

எனக்கு யாருடைய இரக்கமும் வேண்டாம். அதனால்தான் வேண்டாம் என்றேன். வேறு ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது தேன்மொழி ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் போட்டு என் தலையில் ஏற்றிவிட்டாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முள் குத்திக்கொண்டே இருந்தது.


ஜூன் 9, திங்கள்

மாவு அரைத்தேன். ஷெட்டைக் கழுவினேன். கழுவின ஷெட்டை மறுபடியும் கழுவினேன்.

இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு கைய மூடி வச்சிருந்திச்சி. நான் பாத்தேன். அடிபட்டுருக்குதுன்னு நெனச்சேன்" என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"சரி" என்றார். எழுந்துகொண்டே, "நீ விலை பேசாதது பணத்தாசை இல்லாமத்தான், எனக்குத் தெரியும் அஞ்சல" என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஆசை இல்லாததால் என்ன பிரயோஜனம்? அது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா? அழுதேன். எழுதிவிட்டேன், போகட்டும். வெங்காயமும் நறுக்கினேன், அதையும் எழுதிவிடுகிறேன்.


ஜூன் 12, வியாழன்

விசாரணை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். குற்றவாளி மாதிரி போக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

மேடம் புகாரைப் படித்தார். "உண்மையா?"

"உண்மை."

பக்கத்தில் இவர் நெளிந்தார். மேடம் நிமிர்ந்து பார்த்தார். "கூட்டத்துல விதிய வாசிச்சேனே, கேட்டீங்கல்ல? அப்புறம் ஏன் சொல்லல?"

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். துணி போர்த்திக் கிடந்த ஆளையும், பேரம் பேசினவனையும் சொன்னேன். தலை குனியாமல்தான் சொன்னேன். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க மனசு நல்ல மனசுதாம்மா. ஆனா அந்தப் பொண்ணு உங்கள அன்னிக்குத்தான் மொதல் தடவை பாக்குது. அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது மேடம். தெரியல. அதான் வந்து உண்மைன்னு ஒத்துக்கறேன். ஆனா உங்க விதியிலயும் ஒரு கொற இருக்குது."

இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். விடுவேனா?

"ரேட்டைச் சொல்லு, சம்மதம் வாங்குன்னு எழுதியிருக்கீங்க. சரி. ஆனா அடிபட்டவங்ககூட வந்தவங்க மொதல்ல எங்க போவணும்? ஆஸ்பத்திரிக்கு. அத எங்க எழுதியிருக்கீங்க? வண்டி எந்த ஷெட்டுக்குப் போவுது, யாருகிட்ட இருக்கும், எப்ப வந்து கேட்டாலும் குடுப்போம், நீங்க ஆம்புலன்ஸ்ல ஏறுங்கன்னு சொல்றதுதான் மொத வேலை. ரேட்டு அதோட சேத்தி. அது தெரியாமதான் அந்தப் பொண்ணு புருஷன வுட்டுட்டு எங்க கேபின்ல ஒக்காந்துகினு வந்துச்சி."

மேடம் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். "இப்ப சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க. மேல அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தேன். கீழே அஞ்சலாட்சி, அங்காளம்மன் ரெக்கவரி என்று பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்காக மார்க்கைக் கூட்டவில்லை. "புகார் புகார்தாம்மா" என்றார். அதுவும் எனக்குப் பிடித்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.


ஜூன் 23, திங்கள்

லிஸ்ட்டு வந்துவிட்டது. ஏகாம்பரம் ஒன்று. நாங்கள் இரண்டு.

ஏழுமலை வந்து "1"ஐ அழித்து "2" எழுதினான். எத்தனை கோட்டு அடித்தாலும் சிவப்பு உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறது. "போடா, தெரிஞ்சா தெரியட்டும்" என்றேன்.

இப்போது ரேட்டையும் எழுதச் சொன்னேன். ஓரமாக இல்லை, பக்கவாட்டில், ஒரு சாண் எழுத்தில். அதற்கு மேலே இன்னொரு வரி. ஏழுமலை, "இது விதியில இல்லியேக்கா?" என்றான். "என் விதியில இருக்குது, எழுது" என்றேன்.

"கூட வந்தவங்க ஆம்புலன்ஸில் போங்க. வண்டி எங்க ஷெட்டில் பத்திரமா இருக்கும்." அடியில் ஷெட்டின் விலாசம், போன் நம்பர், என் பெயர்.

ஏழுமலை "பத்திரமா"வில் ஒரு எழுத்தை விட்டு "பத்ரமா" என்று எழுதிவிட்டான். திட்டித் திருத்த வைத்தேன்.

சாயங்காலம் ஏகாம்பரம் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். பக்கவாட்டை நின்று படித்தான். "நானும் இந்த வரிய எழுதிக்கட்டுமாக்கா?" என்றான்.

"எழுதிக்க. ஆனா எம்பேர எழுதாத" என்றேன். சிரித்துவிட்டுப் போனான். நம்பர் ஒன்று வந்து இரண்டிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறது. இதைக் கண்டிப்பாக டைரியில் எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.


ஜூலை 1, செவ்வாய்

லைசென்ஸ் கைக்கு வந்தது. கண்ணாடி போட்டு ஷெட்டில் மாட்டினோம். தேன்மொழிக்குப் போன் போட்டுச் சொன்னேன். பழமலை ஊன்றுகோல் பிடித்து நடக்கிறாராம்.

போன் வரவில்லை. எல்லாம் ஒன்றாம் நம்பருக்கே போகிறது.


ஜூலை 4, வெள்ளி

போன் இல்லை. எலுமிச்சை ஊறுகாய் போட்டேன்.


ஜூலை 10, வியாழன்

காலை இட்லி வேகும்போது போன். ஏகாம்பரம் ஒரு லாரியோடு டோல்கேட் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறானாம். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினோம்.

பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு மாருதி பள்ளத்தில் இறங்கிக் கிடந்தது. ஒரு பெரியவரை ஸ்ட்ரெச்சரில் வைத்திருந்தார்கள். மகன், முப்பது வயசு இருக்கும், காரின் கதவைப் பிடித்தபடி நிற்கிறான். ஆம்புலன்ஸையும் பார்க்கிறான், காரையும் பார்க்கிறான். அந்த நிற்பு எனக்குத் தெரிந்த நிற்பு.

நேராக அவனிடம் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். வாயைத் திறந்தால் நாக்கு புரளவில்லை. பத்தொன்பது வருஷமாக ஸ்பாட்டில் விலையே பேசாத வாய். அந்தப் பெரியவர் முனகிக்கொண்டிருக்கிறார், இங்கே நான் ரேட்டு சொல்ல வேண்டும். தேன்மொழியை நினைத்துக்கொண்டேன்.

"தம்பி, இங்க பாரு. தூக்கறதுக்கு இவ்ளோதான், எழுதியிருக்குது பாரு, இதுக்கு மேல ஒத்த ரூபா கெடையாது. எங்க ஷெட்டுலதான் இருக்கும். நீ எப்ப வந்தாலும் எடுத்துக்கலாம். பணம் அப்ப குடு. தூக்கிக்கட்டுமா?"

அவன் வண்டியின் பக்கவாட்டைப் படித்தான். மேல் வரி, கீழ் வரி. சின்னப் பிள்ளை படிக்கிற மாதிரி உதடு அசைந்தது. "தூக்குங்க" என்றான்.

"அப்பாகூட போப்பா. போ."

சாவியை என் கையில் போட்டான். ஓடினான். ஆம்புலன்ஸில் ஏறி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டது பின்கதவு வழியாகத் தெரிந்தது. கதவைச் சாத்தினார்கள், போய்விட்டது.

இவர் பெல்ட்டை எடுத்துக்கொண்டே, "ஒரு வார்த்தை நன்றின்னு சொன்னானா பாத்தியா?" என்றார்.

"சொல்லல. திரும்பிப் பாத்தானா? அத சொல்லு."

"இல்ல. திரும்பியே பாக்கல."

நான் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். பத்தொன்பது வருஷத்தில் எனக்கு யாரும் இப்படி ஒரு மரியாதை செய்ததில்லை.